ஜீப் டீசல் மாற்றம்

ஜீப் டீசல் மாற்றம் என்பது பெட்ரோல் எஞ்சினுடன் வெளிவந்த பழைய ஜீப்களில் அதை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்தும் வழக்கத்தைக் குறிக்கும். இந்தியாவில் இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் ஜீப்கள், மஹிந்திரா நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்த சி.ஜே. வகை ஜீப்கள், ராணுவம் கழித்து ஏலம்விட்ட ஜோங்காக்கள் ஆகியவற்றில் இந்த மாற்றம் செய்யப்பட்டது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையில் இருந்த விலை வேறுபாடே இதன் முதன்மைக் காரணம். பட்டறைகள் செய்துவந்த இதே வேலையை 1970களில் மஹிந்திரா நிறுவனமும் தன் தொழிற்சாலையில் செய்தது. அதன்பின் இந்தியாவில் ஜீப் என்றாலே டீசல் வண்டி என்னும் நிலை உருவானது.

ஜீப்பின் முதல் எஞ்சின்

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கர இயக்கம் கொண்ட எடை குறைந்த வண்டி ஒன்றுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. பாண்டம், வில்லிஸ்-ஓவர்லாண்ட், ஃபோர்டு ஆகிய மூன்று நிறுவனங்கள் மாதிரி வண்டிகளை அளித்தன. பாண்டம் வண்டியிலும் ஃபோர்டு வண்டியிலும் ஏறத்தாழ 45 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின்களே இருந்தன. ஃபோர்டு தன் 9என் டிராக்டரின் எஞ்சினைச் சிறிது மாற்றிப் பொருத்தியிருந்தது.

வில்லிஸ் வண்டியின் எஞ்சின் 60 குதிரைத்திறன் கொண்டது. வில்லிஸின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ் மேம்படுத்திய அந்த 2199 சிசி எஞ்சின் 'கோ டெவில்' என்று அழைக்கப்பட்டது. வில்லிஸ் வண்டி ராணுவம் விதித்த எடை வரம்பை மீறியது. எஞ்சினை விட்டுக்கொடுக்க விரும்பாத ரூஸ் வண்டியின் பிற பாகங்களில் எடையைக் குறைத்தார். ராணுவம் வில்லிஸ் வடிவத்தையே தேர்ந்தெடுத்தது. ஃபோர்டும் தன் டிராக்டர் எஞ்சினைக் கைவிட்டு, வில்லிஸ் வரைபடத்தின்படி ஜீப் தயாரித்தது. போர் முடிவதற்குள் இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களை உருவாக்கின.

கோ டெவில் பக்கவால்வு எஞ்சின். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் அமைந்திருந்ததால் எஞ்சினின் உயரம் குறைவு. ஜீப்பின் தாழ்ந்த பானெட்டுக்கு அது பொருந்தியது. அதன் அழுத்த விகிதம் 6.48 மட்டுமே என்பதால் தரம் குறைந்த பெட்ரோலிலும் ஓடியது. ஆனால் எரிபொருளை மிகுதியாகச் செலவிட்டது. போர்க்களத்தில் அது ஒரு குறையாகக் கருதப்படவில்லை. அங்கு பெட்ரோல் செலவு ராணுவத்தின் கணக்கில் இருந்தது. போருக்குப்பின் ஜீப் விவசாயிகளிடமும் தோட்ட உரிமையாளர்களிடமும் வந்தபோது அந்தச் செலவு ஓட்டுபவரின் கணக்குக்கு மாறியது.

இந்தியாவில் ஜீப்

போர் முடிந்தபின் ராணுவத்தின் உபரி ஜீப்கள் இந்தியாவில் விற்கப்பட்டன. ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா சகோதரர்கள் மாலிக் குலாம் முகம்மதுவுடன் இணைந்து 1945ல் மஹிந்திரா அண்ட் முகம்மது நிறுவனத்தைத் தொடங்கினர். தேசப் பிரிவினைக்குப்பின் குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1948ல் நிறுவனத்தின் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று மாறியது. அமெரிக்காவிலிருந்து பாகங்களாக வந்த வில்லிஸ் ஜீப்களை அந்நிறுவனம் பம்பாயில் பூட்டி விற்றது. பின்னர் உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது.

இந்தியாவில் நீண்டகாலம் தயாரான சி.ஜே.-3பி ஜீப் வில்லிஸில் 1953ல் அறிமுகமானது. 'ஹரிக்கேன்' எனப்பட்ட இதன் எஞ்சினில் உள்ளிழு வால்வுகள் மேலே இருந்தன. அதனால் எஞ்சினின் உயரம் கூடியது. புதிய உடல் வடிவம் அமைக்காமல், இருந்த ஜீப்பின் பானெட்டை மட்டும் உயர்த்தி வில்லிஸ் அதை உள்ளே பொருத்தியது. இந்தியச் சாலைகளில் பல பத்தாண்டுகள் காணப்பட்ட 'உயர்ந்த மூக்கு' ஜீப்பின் தோற்றம் இவ்வாறு ஓர் எஞ்சின் மாற்றத்தால் உருவானது. அந்த உயரம் பிற்காலத்தில் டீசல் எஞ்சின் பொருத்தியவர்களுக்கு உதவியாக அமைந்தது.

காவல்துறை, வனத்துறை, வருவாய்த்துறை, பொதுப்பணித்துறை என அரசுத் துறைகள் ஜீப்பைப் பெருமளவில் பயன்படுத்தின. கழித்த வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. அவற்றை எடுத்தவர்கள் பெரும்பாலும் விவசாயிகள், எஸ்டேட் உரிமையாளர்கள், வாடகைக்கு ஓட்டுபவர்கள். ஏலத்தில் வண்டி மலிவாகக் கிடைத்தாலும் அதை ஓட்டும் செலவு அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

டீசல் தொழிலறிவின் பரவல்

டீசல் மாற்றத்துக்கு எஞ்சினுடன் அதைப் பழுதுபார்க்கும் கைகளும் தேவைப்பட்டன. இந்தியாவில் இவ்விரண்டும் 1950களில் பெருகத் தொடங்கின.

இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் ஃபிராங்க் பெர்கின்ஸும் சார்லஸ் சாப்மனும் 1932ல் தொடங்கிய பெர்கின்ஸ் நிறுவனம், பெட்ரோல் லாரிகளில் நேரடியாக மாற்றிப் பொருத்தத்தக்க டீசல் எஞ்சின்களைத் தன் முக்கியத் தொழிலாகக் கொண்டிருந்தது. மெட்ராஸில் 1840ல் குதிரைவண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்ப்சன், 1950களில் பெர்கின்ஸ் எஞ்சின்களை உரிமம் பெற்றுத் தயாரித்தது. பெங்களூரில் 1951ல் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் பாஷ் உரிமத்தின்கீழ் டீசல் பம்ப்களையும் நாசில்களையும் தயாரித்தது. லாரிகளும், டிராக்டர்களும், கிணற்றடி டீசல் மோட்டார்களும் பெருகியபோது சிறு ஊர்களிலும் டீசல் மெக்கானிக்குகள் உருவாயினர்.

வெளிநாட்டு நிறுவனங்களும் இதே காலகட்டத்தில் டீசலை நாடின. லேண்ட் ரோவர் 1957ல் தன் முதல் டீசல் எஞ்சினை வெளியிட்டது. அந்த எஞ்சினுக்கு இடம் ஒதுக்குவதற்காக அதற்கு முன்பே அடிச்சட்டத்தை 2 அங்குலம் நீட்டியிருந்தது. 86 அங்குலமாக இருந்த சக்கர இடைவெளி 88 ஆனது. அமெரிக்காவில் 1960களில் சி.ஜே.-5 ஜீப்புக்கு பெர்கின்ஸ் 4.192 டீசல் எஞ்சின் ஒரு தெரிவாக வழங்கப்பட்டது. பெட்ரோல் மலிவாக இருந்த அந்நாட்டில் அதை வாங்கியவர்கள் குறைவு.

விலை வேறுபாடு

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. பீப்பாய்க்கு சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் விலை 1974 ஜனவரிக்குள் 11 டாலரைத் தாண்டியது. இந்திய அரசு பெட்ரோல் மீது கடுமையான வரிகளை விதித்தது. பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களின் எரிபொருளாகக் கருதப்பட்டது. டீசல் லாரி, பேருந்து, டிராக்டர், நீர்ப்பாசன மோட்டார் ஆகியவற்றின் எரிபொருள் என்பதால் அதன் விலை தாழ்வாக வைக்கப்பட்டது. டீசல் விலையை உயர்த்தினால் காய்கறி முதல் பேருந்துக் கட்டணம் வரை அனைத்தும் உயரும் என்பதே அரசின் கணக்கு.

இக்கொள்கையில் ஜீப் இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்தது. விவசாயியிடமும் தோட்டத்திலும் அது சுமை வண்டியாகவே பயன்பட்டது. ஆனால் கார்களின் எரிபொருளில் ஓடியது. டீசல் எஞ்சின் லிட்டருக்குக் கூடுதல் தூரமும் ஓடும் என்பதால் மாற்றத்தின் லாபம் இரு மடங்காகத் தெரிந்தது. நாள்தோறும் வாடகைக்கு ஓடும் வண்டிக்கு, எஞ்சினை மாற்றும் செலவு எரிபொருள் மிச்சத்திலேயே திரும்பக் கிடைத்தது.

தொழிற்சாலையில் நடந்த மாற்றம்

மஹிந்திரா நிறுவனம் 1963ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனி ஆஃப் இந்தியாவைத் தொடங்கியிருந்தது. அதன் பி-275 டிராக்டர் இந்திய விவசாயிகளிடம் பெயர்பெற்றது. எண்ணெய் நெருக்கடிக்குப்பின் மஹிந்திரா ஜீப்புக்கு டீசல் எஞ்சின் தேடியபோது இந்த டிராக்டர் எஞ்சின் கையருகே இருந்தது. அதன் வழிவந்த எம்.டி.2350 எஞ்சின் 1970களில் ஜீப்பில் பொருத்தப்பட்டது. பெயரில் உள்ள எண் அதன் சிசி அளவைக் குறிக்கிறது.

1940ல் ஃபோர்டு ஜீப்பின் டிராக்டர் எஞ்சின் வேகமான பெட்ரோல் எஞ்சினிடம் தோற்றது. ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குப்பின் இந்தியாவில் ஒரு டிராக்டர் எஞ்சின் அந்தப் பெட்ரோல் எஞ்சினின் வாரிசை ஜீப்பிலிருந்து வெளியேற்றியது.

டிராக்டர் எஞ்சின் உறுதியானது. ஆனால் எடை மிக்கது. அதிர்வும் இரைச்சலும் கொண்டது. வேகம் குறைந்தது. எனவே மஹிந்திரா 1979ல் பெஜோ நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சினுக்கு உரிமம் பெற்றது. 4 என்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை, 90 என்பது மில்லிமீட்டரில் சிலிண்டரின் விட்டம். 2112 சிசி கொண்ட இந்த எஞ்சின் குடும்பம் பெஜோ 504 காரிலும் பயன்பட்டது. மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் தயாரான இதை மஹிந்திரா 1980களில் எம்.எம். 540 ஜீப்பில் பொருத்தியது. காரின் எஞ்சின் என்பதால் டிராக்டர் எஞ்சினைவிட வேகமாகச் சுழன்றது. பிற்காலத்தில் பழைய வில்லிஸ் ஜீப்களை மாற்றியவர்கள் பலரும் உடைக்கப்பட்ட மஹிந்திரா வண்டிகளிலிருந்து கிடைத்த இந்த எஞ்சினையே நாடினர்.

பட்டறை மாற்றத்தின் முறை

பட்டறைக்கு லேண்ட் ரோவரைப்போல அடிச்சட்டத்தை நீட்டும் வசதி இல்லை. இருக்கும் இடத்துக்குள் எஞ்சினை அடக்க வேண்டும். இம்மாற்றத்தில் வழக்கமாக எதிர்கொள்ளப்பட்ட சிக்கல்கள் கீழ்க்கண்டவை.

இணைப்பு: எஞ்சினின் பின்முகமும் கியர்பாக்ஸின் முன்முகமும் வெவ்வேறு நிறுவனங்களின் அளவுகளில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே லேத்தில் கடைந்த இரும்புத் தகடு ஒன்று வைக்கப்படும். எஞ்சினின் கிராங்க் அச்சும் கியர்பாக்ஸின் அச்சும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் பேரிங் தேயும், கிளட்ச் அதிரும், ஓட்டத்தில் கியர் தானே நழுவும். நல்ல மாற்றத்துக்கும் மோசமான மாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்தத் தகட்டில்தான் இருந்தது.

இடம்: வில்லிஸ் ஜீப்பின் முன் டிஃபரன்ஷியல் வலப்பக்கம் அமைந்தது. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி அதன்மேல் இடிக்கக்கூடாது. முன் ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும் நிலையைக் கணக்கிட்டு எஞ்சினின் உயரம் தீர்மானிக்கப்பட்டது. ரேடியேட்டர் முன்னால் தள்ளப்பட்டது. அடிச்சட்டத்தில் புதிய மவுண்டிங்குகள் பற்றவைக்கப்பட்டன.

எடை: டீசல் எஞ்சின் காற்றை மட்டும் உள்ளிழுத்து, அதை 20 மடங்கு அளவுக்கு அழுத்திச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சி எரிக்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்க அதன் வார்ப்பு தடிமனாக இருக்கும். அதனால் ஜீப்பின் முன்பகுதி தாழ்ந்தது. முன் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் சேர்க்கப்பட்டன. ஸ்டியரிங் கனத்தது.

மின்சாரம்: போர்க்கால ஜீப் 6 வோல்ட் மின்னமைப்பு கொண்டது. அழுத்தம் மிகுந்த டீசல் எஞ்சினைச் சுழற்றவும் ஹீட்டர் பிளக்கைச் சூடாக்கவும் அது போதவில்லை. பேட்டரி முதல் விளக்குகள் வரை அனைத்தும் 12 வோல்ட்டுக்கு மாற்றப்பட்டன. சில ஜீப்களின் வைப்பர் பெட்ரோல் எஞ்சினின் உறிஞ்சு விசையால் இயங்கியது. டீசல் எஞ்சினில் அந்த விசை இல்லை. எனவே வைப்பருக்கும் மின்மோட்டார் வைக்க வேண்டியிருந்தது.

வேகம்: கோ டெவில் நிமிடத்துக்கு 4000 சுற்றுவரை சுழலக்கூடியது. பொதுமக்களுக்கான சி.ஜே. ஜீப்களின் அச்சு விகிதம் 5.38. இந்த விகிதத்தில் 2000 சுற்றில் ஓடும் எஞ்சின், 16 அங்குல டயருடன் மேல் கியரில் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகமே தரும். மெதுவான டிராக்டர் எஞ்சின் பொருத்தப்பட்ட ஜீப்கள் சமவெளியில் திணறியதற்குக் காரணம் இதுவே. சிலர் அச்சின் கிரவுன் பினியனை மாற்றினர். சிலர் பிற்கால மஹிந்திரா கியர்பாக்ஸை எஞ்சினுடன் சேர்த்தே பொருத்தினர்.

பிரேக்: பெரும்பாலான மாற்றங்களில் கவனிக்கப்படாத பகுதி இது. வில்லிஸ் ஜீப்பின் 9 அங்குல டிரம் பிரேக்குகள் எடை குறைந்த ஒரு ராணுவ வண்டிக்காக அமைக்கப்பட்டவை. எஞ்சினின் எடையும் ஏற்றும் சுமையும் கூடியபின்னும் பல வண்டிகளில் அவை அப்படியே விடப்பட்டன.

மலைப்பாதைகளில்

மலையில் சமவெளியின் குறைகளே நிறைகளாயின. டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுவிசை தருவது. நான்கு சக்கர இயக்கத்தின் கீழ்க் கியரில், ஆக்சிலரேட்டரை மிதிக்காமலேயே சுமையுடன் ஊர்ந்து ஏறும். தீப்பொறி தேவையில்லாததால் ஓடையைக் கடக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து எஞ்சின் நின்றுபோகும் தொல்லையும் இல்லை.

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், கம்பம் பகுதிகளிலிருந்து தோட்டத் தொழிலாளர்கள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் சென்று மாலையில் திரும்புகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொழுக்குமலை தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப்பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாகவே செல்கிறது. அப்பாதையிலும் ஜீப்களே ஓடுகின்றன. இத்தடங்களில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே டீசல் எஞ்சின் பெற்ற மஹிந்திரா ஜீப்கள்.

அன்றாடக் கூலிக்காக எல்லை தாண்டும் இப்பயணம் ஆள்கணக்குக் கட்டணத்தில் ஓடுவது. எரிபொருள் செலவு குறைந்தால்தான் அது நடைபெற முடியும். டீசல் ஜீப் அதைச் சாத்தியமாக்கியது. அதே எஞ்சினின் இழுவிசை அளவுக்கு மீறி ஆள் ஏற்றவும் இடம் கொடுத்தது. எஞ்சின் இழுத்த சுமையை பிரேக்கும் டயரும் தாங்க வேண்டியிருந்தது. இம்மலைப்பாதைகளில் நடந்த ஜீப் விபத்துகளில் தொழிலாளர்கள் உயிரிழந்துள்ளனர்.

ஜோங்காவும் உதிரிபாகச் சந்தைகளும்

நிஸான் பேட்ரோல் 60 வண்டியின் உரிமத்தில் ஜபல்பூர் ராணுவ வண்டித் தொழிற்சாலை 1969 முதல் 1999 வரை தயாரித்த வண்டி ஜோங்கா. அதன் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் 3956 சிசி கொண்டது. ராணுவ ஏலத்தில் ஜோங்காவை எடுத்த தனியார் பலருக்கு அதைப் பெட்ரோலில் ஓட்டுவது இயலாததாக இருந்தது. அதனால் ஜோங்கா டீசல் மாற்றத்துக்கு அதிகம் உள்ளான வண்டிகளில் ஒன்றானது.

மாற்றத்துக்கான எஞ்சின்கள் பழைய உதிரிபாகச் சந்தைகளில் கிடைத்தன. சென்னையின் புதுப்பேட்டை, டெல்லியின் மாயாபுரி ஆகியவை அத்தகைய சந்தைகள். பஞ்சாப் - ஹரியானா எல்லையில் உள்ள மண்டி டப்வாலி ஜீப்களைப் பிரித்துப் புதிதாகக் கட்டித்தரும் பட்டறைகளுக்காகவே பெயர்பெற்றது.

சட்டம்

வண்டியின் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண், சேஸிஸ் எண், சிசி அளவு, எரிபொருள் வகை ஆகியவை குறிக்கப்படும். டீசல் மாற்றம் செய்யும்போது சேஸிஸ் எண்ணைத் தவிர மற்ற மூன்றும் மாறிவிடுகின்றன. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைப் பற்றியது. பின்னர் வந்த திருத்தம் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடைசெய்தது. எரிவாயு, மின்கலம் போன்றவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட கருவித்தொகுப்பைக் கொண்டு மாற்ற விதிகளுக்குட்பட்டு இடம் அளித்தது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களை மாற்றிய வண்டியைப் பதிவுசெய்ய முடியாது என்று தீர்ப்பளித்தது.

பதிவுச் சான்றிதழில் மாற்றத்தை முறையாகச் சேர்த்துக்கொண்டவர்களுக்குச் சிக்கல் இல்லை. சேர்க்காதவர்களின் வண்டி தாளில் பெட்ரோலாகவும் சாலையில் டீசலாகவும் ஓடியது. 15 ஆண்டுப் பதிவைப் புதுப்பிக்கும்போதோ, விற்கும்போதோ, விபத்துக்குப்பின் காப்பீடு கோரும்போதோ இந்த முரண் வெளிப்பட்டது.

டீசலின் சாதகங்களும் குறைந்தன. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. பெட்ரோல் விலைக்கும் டீசல் விலைக்கும் இடையிலான தூரம் சுருங்கியது. 2012ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. 2015ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி தலைநகரப் பகுதியில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்தது. பெட்ரோல் வண்டிகளுக்கு அந்த வரம்பு 15 ஆண்டுகள். ஜீப்பின் ஆயுளை நீட்டிய எஞ்சினே அங்கு அதன் ஆயுளைக் குறைக்கும் காரணமானது.

பின்விளைவுகள்

பழைய ஜீப்களைச் சேகரிப்பவர்கள் பெருகியபின் எதிர்த்திசை மாற்றம் தொடங்கியது. பழைய இரும்பு விலைக்குப் போடப்பட்ட கோ டெவில், ஹரிக்கேன் எஞ்சின்களைத் தேடி எடுத்து, டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மீண்டும் பொருத்துகின்றனர். சேஸிஸுக்கு உரிய காலத்து எஞ்சின் உள்ள வண்டிக்கே சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம்.

2018ல் மஹிந்திரா நிறுவனம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ராக்ஸர் என்னும் வண்டியைப் பூட்டி விற்கத் தொடங்கியது. சாலையில் ஓட்ட அனுமதி இல்லாத, பண்ணைக்கும் காட்டுக்குமான அந்த வண்டி பழைய ஜீப்பின் வழிவந்தது. 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் கொண்டது. அதன் தோற்றம் தன் ஜீப்பைப் போன்றது என்று அப்போது ஜீப் பெயருக்கு உரிமை கொண்டிருந்த ஃபியட் கிரைஸ்லர் வழக்குத் தொடுத்தது. முகப்பை மாற்றியமைத்தபின் ராக்ஸர் விற்பனைக்கு 2020 டிசம்பரில் அனுமதி கிடைத்தது.

வரலாற்று இடம்

இந்தியாவில் ஜீப்பின் எஞ்சினை மாற்றிய முதன்மை விசை எரிபொருளின் விலை. 1970களின் விலைக்கொள்கை பட்டறையையும் தொழிற்சாலையையும் ஒரே முடிவுக்கு இட்டுச்சென்றது. டீசல் எஞ்சின் பெற்றதனாலேயே 1940களின் வடிவம் கொண்ட ஒரு வண்டி இந்திய மலைகளில் அரைநூற்றாண்டுக்கும் மேலாக உழைக்க முடிந்தது. புகை, சட்டமுரண், பழைய பிரேக்குகள் தாங்கிய மிகைச்சுமை ஆகியவை அதற்குக் கொடுக்கப்பட்ட விலை. அந்த விலையில் ஒரு பகுதியை வண்டியின் உரிமையாளர்கள் செலுத்தினர். இன்னொரு பகுதியை அதில் நெருக்கியடித்து ஏறிச்சென்ற தொழிலாளர்கள் செலுத்தினர்.